வஹாக்காவின் அர்த்தம் பையில் வந்தது

என் மகள் ஒரு மெக்சிக்கோப் பொடியனைக் கலியாணம் முடிக்கப்போவதாகச் சொன்ன அன்று எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை, மயங்கி விழவுமில்லை. என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எந்த ஊர்?"

மொன்றியலில் எங்கள் ஆட்கள் இருவர் சந்தித்தால் குளிரைப் பற்றிக் கதைக்க முதலே இதைத்தான் கேட்பார்கள். ஊர் தெரிந்தால் மிச்சமெல்லாம் தானாகத் தெரிந்துவிடும் என்று நம்பிக்கை. எந்தப் பங்குக் கோவில், கிணற்றுத் தண்ணீர் உவரா நல்லதா, அப்பப்பா யாரோடு வேலிச்சண்டை போட்டார் என்பது வரைக்கும் வந்துவிடும். மகள் "வஹாக்கா" என்றாள். மனைவி அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். இருமல் மாதிரி வந்தது. இன்னொருமுறை சொன்னாள். நான் எழும்பிப் போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். அதற்குப் பிறகு அன்று முழுக்க என்னோடு அவள் கதைக்கவில்லை.

பொடியனுக்கு ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை. மகள் அங்கே முருங்கைக்காய் கேட்கப் போயிருக்கிறாள். இல்லை என்பதைச் சொல்ல அவன் நெடுநேரம் எடுத்திருக்கிறான். அதற்குப் பிறகும் அவள் வாராவாரம் போய் முருங்கைக்காய் கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு ஒருநாளும் முருங்கைக்காய் வராததை நான் கவனித்தேன். சந்தையில் தட்டுப்பாடு என்று நினைத்தேன்.

கலியாணம் முடிந்ததும் இருவரும் வஹாக்காவுக்கே போய், அவனுடைய தாயின் காணியில் ஒரு வீடு கட்டி இருப்பதாகத் திட்டம். மகளுக்குக் கணினி வேலை, எங்கிருந்தும் செய்யலாம். அந்த "எங்கிருந்தும்" என்பதை எங்கள் பியர்பொன்ட்ஸ் வீட்டின் மேல்மாடி, கீழ்மாடி, மிஞ்சினால் பின் வளவு என்று நாங்கள் அதுவரை விளங்கி வைத்திருந்தோம்.

"ஆனால் அம்மா ஓம் எண்டு சொல்லாமல் நான் போகமாட்டன்," என்றாள் மகள்.

என்னுடைய ஓமைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. அது எங்கள் வீட்டில் எப்போதும் இருப்பில் உள்ள சாமான்.

செய்தி கேட்டு மனைவியின் தமையன் வந்தார். எனக்கு மச்சான் முறை, வயதில் மூத்தவர், நாலு தெரு தள்ளி இருக்கிறார். குடும்பத்தில் ஊர் விஷயம் எல்லாம் அவர் பொறுப்பு. பொடியனும் எங்களைப் போலக் கத்தோலிக்கன் என்று கேட்டதும் அவருடைய முகம் கொஞ்சம் வாடிவிட்டது. சமயத்தை வைத்து ஒரு பெரிய பிரச்சினை பண்ண ஆயத்தமாக வந்திருந்தார். சாதி கேட்கலாம், கேட்டாலும் வருகிற பதிலை எதில் போட்டு அளப்பது என்று அவருக்கே தெரியாது. மிச்சம் இருந்தது ஊர் ஒன்றுதான்.

பொடியன் முதல்முறை சாப்பிட வந்தபோது அதைத்தான் கேட்டார். "தம்பி, உங்கட ஊரின்ர பேருக்கு என்ன அர்த்தம்?"

பொடியன் யோசித்துவிட்டு "ஓம்" என்றான். அப்போது அவனிடம் இருந்த தமிழ், ஓம், ஆட்டிறைச்சி, போதும் என்ற மூன்று சொல். அவற்றில் மரியாதையானது எது என்று பார்த்து எடுத்திருக்கிறான். பிறகு பிரெஞ்சில் மகளிடம் சொன்னான், மகள் எங்களிடம் சொன்னாள். அந்தப் பேர் ஸ்பானிஷ் இல்லையாம், நாவாட்ல் என்ற பழைய மொழியாம். அவர்கள் வீட்டில் அந்த மொழி பேசுவதில்லையாம். அர்த்தம் என்னவென்று அவன் ஒருநாளும் யோசித்ததில்லையாம்.

"பேருக்கு அர்த்தம் தெரியாமல் ஒரு ஊரிலை எப்பிடி வளந்தவன்?" என்று மச்சான் என்னைப் பார்த்துக் கேட்டார், நான் வளர்த்தது மாதிரி.

மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. அவளுக்குக் கோபம் வந்தால் என்னிடம்தான் வருவாள், கிட்ட இருக்கிற ஆள் என்பதால்.

"அப்பா, புவாண்ட்-கிளேர் எண்டால் என்ன?"

"வேலை," என்றேன்.

பொய் சொல்லவில்லை. அங்கே ஒரு பண்டகசாலையில் பெட்டி எண்ணத் தொடங்கி எனக்கு வழுக்கையே விழுந்துவிட்டது, அந்தப் பேருக்கு வேலை என்பதைத் தவிர வேறு அர்த்தம் இருக்கலாம் என்று தோன்றியதில்லை. "தெளிவான முனை," என்றாள் மகள். அடுத்த நாள் பஸ்ஸால் இறங்கி நின்று அங்குமிங்கும் பார்த்தேன். முனையும் தெரியவில்லை, தெளிவும் தெரியவில்லை. பெரிய கடைத்தொகுதிதான் தெரிந்தது.

ஆனால் மச்சானின் கேள்வியை மனைவி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "பேருக்கு அர்த்தம் தெரியாத ஊருக்குப் பிள்ளையை அனுப்பேலாது," என்று சொல்லிவிட்டாள். மகள் எத்தனை தரம் கேட்டாலும் அதே பதில். இவ்வளவு காலம் ஒரே அடுப்படியில் நின்றதால் எனக்கு அது விளங்கியது. அவள் பயந்தது அர்த்தத்துக்கு அல்ல. "வேண்டாம்" என்றால் மகள் நின்றுவிடுவாள், பிறகு காலம் முழுக்க அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். "ஓம்" என்றால் போய்விடுவாள், அந்த முகத்தை டெலிபோனில்தான் பார்க்கலாம். இரண்டும் சொல்லாமல் இருக்க அவளுக்குப் பதில் இல்லாத ஒரு கேள்வி தேவைப்பட்டது. தமையன் அதைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டார்.

நான் உதவி செய்வோம் என்று போனில் தேடினேன். ஒரு இடத்தில் வேலமரம் என்று போட்டிருந்தது. இன்னொரு இடத்தில் சுரைக்காய் என்று கிடந்தது. மூன்றாவது இடத்தில் மூக்கு என்று எழுதி, பக்கத்தில் அங்கே தங்குவதற்கு மலிவான ஹொட்டேல்களும் போட்டிருந்தார்கள். மூன்றையும் சேர்த்து அடுப்படிக்குக் கொண்டுபோய், "வேலமரத்துச் சுரைக்காயின் மூக்கு" என்றேன். மனைவி கறியைத் துழாவியபடி திரும்பாமலே கேட்டாள், "இஞ்சாருங்கோ, உங்களுக்கு வேற வேலை இல்லையோ?"

மச்சானும் அதைத் தள்ளுபடி செய்துவிட்டார். "போனிலை வாறதெல்லாம் அர்த்தமில்லை மச்சான். அந்த மண்ணிலை பிறந்து நரைச்ச ஆள் ஒண்டு வாயால சொல்லவேணும்."

பொடியன் அன்றே தாய்க்கு அழைப்பெடுத்தான். மகள் பதிலைக் கொண்டுவந்தாள். அந்த அம்மா மொன்றியலுக்கு வருகிறாவாம். எங்களை நேரில் பார்த்துக் கதைப்பாவாம். அர்த்தத்தையும் கொண்டு வருவாவாம்.

"அர்த்தத்தைச் சொல்லுவா எண்டு சொல்லு," என்று திருத்தினேன்.

"இல்லையப்பா. கொண்டு வாறாவாம்."

நான் மொழிபெயர்ப்பின் மேல் பழியைப் போட்டேன். ஸ்பானிஷில் ஏற்றி, பிரெஞ்சில் இறக்கி, தமிழில் வாசலுக்கு வருகிறபோது எந்தப் பொதியும் கொஞ்சம் நசுங்கித்தான் இருக்கும். அது என் தொழில், எனக்குத் தெரியும்.

அந்த அம்மா வரும் நாளுக்கு மச்சான் ஒரு சட்டம் போட்டார். எங்களில் சம்பந்தம் பேசுகிறபோது, முடிவு வரும்வரைக்கும் ஒரு பகுதியார் மற்றப் பகுதியாரின் கையால் எதுவும் வாங்கிச் சாப்பிடக்கூடாது. சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். கை நனைப்பது என்று இதற்குப் பேர். இங்கே வந்த பிறகு இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை, மச்சானும் மறந்துதான் இருந்தார். வேறு பிடி ஒன்றும் கிடைக்காததால் தேடி எடுத்துத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். "எல்லாருக்கும் பொதுவாத்தான் சொல்லுறன்," என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

மனைவி காலையிலிருந்தே றோல்ஸும் வடையும் சுட்டு, ஒரு துவாயால் மூடி அடுப்படியில் வைத்திருந்தாள். முடிவு வந்தால் துவாய் எடுபடும். வராவிட்டால் அவ்வளவும் குளிர்பெட்டிக்குள் போகும். மகளின் வாழ்க்கையோடு அந்த றோல்ஸின் வாழ்க்கையும் கட்டப்பட்டிருந்தது. நான் இரண்டையும் நினைத்து வருந்தினேன்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பொடியனின் தாய் மகனுடைய பனிச்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அது அவருக்கு முழங்காலுக்குக் கீழே நின்றது. என் மனைவியின் வயதுதான் இருக்கும். நரைத்த பின்னல். வந்த உடனே மனைவியைக் கட்டிப்பிடித்தார். மனைவி கதவுநிலை மாதிரி நின்றாள். பிறகு சோபாவில் இருந்து, ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டார். கழற்றித் தாருங்கள் என்று சட்டைக்குக் கை நீட்டினேன், தந்தார். பைக்குக் கை நீட்டினேன், தரவில்லை.

சுகம் விசாரித்து முடிந்ததும் மச்சான் தொண்டையைச் செருமிக் கேள்வியைக் கேட்டார். மகள் அதைப் பிரெஞ்சில் பொடியனிடம் கொடுத்தாள், பொடியன் ஸ்பானிஷில் தாயிடம் கொடுத்தான். தாய் இதற்காகவே காத்திருந்தவர் போலத் தலையாட்டி, பையைத் திறந்து, பேப்பரில் சுற்றியிருந்த ஒரு கட்டை எடுத்துப் பிரித்து மேசையில் வைத்தார். விமான நிலையத்தில் எப்படி விட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

ஒரு கொத்துக் காய். பச்சை நிறம், தட்டை, ஒரு சாண் நீளம், உள்ளே விதைகள் வரிசையாகப் புடைத்துத் தெரிந்தன.

எல்லாரும் குனிந்து பார்த்தோம். யாழ்ப்பாணத்தில் பிறந்த மூன்று பேர் அந்த அறையில் இருந்தோம், மூன்று பேருக்கும் அது என்னவென்று தெரியும். இப்பிலிப்பில். வேலியோரம் கேட்காமலே முளைக்கிற மரம். பக்கத்து வீட்டு இந்திய டொக்டர் அதைச் சவுண்டல் என்பார். இது அதேதானா, அல்லது அதற்குச் சித்தப்பன் பெரியப்பன் முறையா என்று தாவரம் படித்தவர்கள்தான் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் ஆட்டைத் தவிர வேறு யாரும் அதை விரும்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மச்சான் என் மனைவியின் பக்கம் சரிந்து, மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அது வாசல்வரை கேட்டது.

"தங்கச்சி, பொம்பிளை கேட்டு வந்தவை ஆட்டுக்குப் போடுறதைக் கொண்டு வந்திருக்கினம்."

மகளின் முகம் சிவந்தது. மனைவியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அதுதான் எனக்குப் பயம். பொடியனோ உற்சாகமாகிவிட்டான். முழு வசனத்திலும் அவனுக்குத் தெரிந்த ஒரே சொல் ஆடு. எங்கள் வீட்டில் அவனுடைய தமிழே அந்தக் கறியில்தான் தொடங்கியது. விட்டால் போதும் என்று அதை அப்படியே தாய்க்கு மொழிபெயர்த்தான்.

தாய் மச்சானை முதன்முறையாக மதிப்போடு பார்த்தார். அவர் சொன்னது மகன் வழியாக, மகள் வழியாக வந்து சேர்ந்தது. ஓமாம், ஆடு நல்லாய்ச் சாப்பிடுமாம். ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் உள்ளதைத்தான் தாங்கள் சாப்பிடுவார்களாம்.

பிறகு ஒரு காயைத் தூக்கிப் பிடித்து, "வாஷின்" என்றார். அது இந்த மரத்துக்கு நாவாட்லில் உள்ள பேர். அடுத்ததாக விரலால் தன் மூக்கைத் தொட்டு "யாகாட்ல்" என்றார். மச்சான் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். காயிலிருந்து லேசாக உள்ளிப்பூண்டு மணம் வந்துகொண்டிருந்ததால் அவருக்கு அது பொருத்தமாகவே பட்டது. தாய் இல்லையென்று தலையாட்டி, காற்றில் ஒரு மலையை வரைந்தார். மலை சரிந்து வந்து, முன்னுக்கு நீட்டிக்கொண்டு நின்றது. அந்த நீட்டிய நுனியைத் தொட்டார், மறுபடி தன் மூக்கைத் தொட்டார். பிறகு மூக்கின் மேல் காயை வைத்துப் பிடித்தார்.

"வாஷ்யாகாக்," என்றார். இந்த மரங்கள் நிற்கிற மூக்கில் என்று அர்த்தம்.

"மூக்கு எண்டால், முனை," என்றாள் மகள். "புவாண்ட்-கிளேர் மாதிரி, அப்பா."

நான் தலையாட்டினேன். வேலைக்குப் போகிற இடத்தின் அர்த்தம் எனக்கு மெக்சிக்கோ வழியாகச் சுற்றி வந்து விளங்கியது.

யார் வைத்த பேர் என்று மச்சான் விடாமல் கேட்டார். தாய் சொன்னதை மகள் தமிழில் சொல்லும்போது ஒரு இடத்தில் தயங்கி, பிறகு எங்களுக்குப் பழக்கமான சொல்லையே போட்டாள்.

"ஆமிக்காரர். தூர இடத்திலையிருந்து வந்து மலையடியிலை முகாம் போட்டவையாம். நிமிர்ந்து பாக்க இந்த மரம் நிண்டதாம், அதையே பேராய் வைச்சிட்டினமாம். பேந்து வந்த ஸ்பானிஷ் ஆமிக்கு அது வாயிலை வரேல்லையாம், அவை அதை வஹாக்கா எண்டு ஆக்கிவிட்டினமாம். ஊர்ச்சனத்தை ஒருத்தரும் கேக்கேல்லையாம்."

என் மனைவி அப்போதுதான் அந்த அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஆமி எண்டால் அப்பிடித்தான்," என்றாள்.

மகள் மொழிபெயர்க்க வாயெடுக்க முதல் அந்த அம்மா "ஓம்" என்றார். மகனிடம் இருந்த மூன்று சொல்லில் ஒன்றை விமான நிலையத்திலேயே வாங்கியிருக்கவேண்டும்.

பிறகு ஒரு காயை நகத்தால் கீறிப் பிளந்து, விதைகளை உள்ளங்கையில் கொட்டி, கையை என் மனைவிக்கு நீட்டினார்.

மனைவியின் கைகள் மடியில் கிடந்தன. மச்சான் செருமினார். மகள் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை அந்தரத்தில் நின்றது. எடுத்தால் என்ன அர்த்தம், எடுக்காவிட்டால் என்ன அர்த்தம் என்று அந்தக் கைக்குரியவரைத் தவிர எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் நான் கையை நீட்டி நாலு விதையை எடுத்து வாயில் போட்டேன்.

பிற்பாடு மகள் இதைத் தன் கூட்டாளிகளிடம் அப்பாவின் துணிவு என்று சொல்லியிருக்கிறாள். நான் மறுக்கவில்லை. ஆனால் காலையிலிருந்து அடுப்படியில் வடை மணந்துகொண்டிருந்தது, நான் அதுவரை ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"கை நனைச்சிட்டியள், மச்சான்," என்றார் மச்சான். குரலில் ஒரு துக்கம்.

"தண்ணி படேல்லையே. காஞ்ச கைதான்."

"பகிடி விடாதையுங்கோ. சாப்பாடு சாப்பாடுதான்."

"ஆட்டுக்குப் போடுறது எண்டு இப்பதானே சொன்னனியள். அப்ப இது சாப்பாடில்லைத்தானே?"

மச்சான் காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இது ஆட்டுத் தீனி என்றால் நான் கை நனைக்கவில்லை. நான் கை நனைத்தது உண்மையென்றால் இது மரியாதையான சாப்பாடு, வந்தவர்கள் எங்களை அவமதிக்கவில்லை. இரண்டில் ஒன்றை அவர் கைவிடவேண்டும், எதையும் கைவிட்டுப் பழக்கமில்லை. கடைசியில் வேறு பாதையால் வந்தார். கழுதை இந்தக் காயைத் தின்றால் அதற்குப் பிடரிமயிர் எல்லாம் கொட்டிவிடும் என்று எச்சரிக்கத் தொடங்கி, என் தலையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

இந்த வழக்கு ஒன்றையும் மனைவி கேட்கவில்லை. மேசையிலிருந்து ஒரு காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தமையனிடமும் இல்லை, மகளிடமும் இல்லை, நேரே அந்த அம்மாவிடம் தமிழிலேயே கேட்டாள்.

"அங்கை பனி கொட்டுமோ?"

கேள்வி போனது, பதில் வந்தது. அந்த அம்மா யன்னலுக்கு வெளியே ஒருதரம் பார்த்தார். எங்கள் காரே தெரியவில்லை, ஒரு வெள்ளை மேடுதான் இருந்தது. இல்லையாம். இப்படிக் கொட்டினால் இந்த மரம் நிற்காதாம். கருகிச் செத்துப்போய்விடுமாம். பேரும் வேறாய்த்தான் இருந்திருக்குமாம்.

"ஓம், நிக்காது," என்றாள் மனைவி. "இஞ்சை ஒரு இடமும் நான் காணேல்லை."

எங்கள் மகள் இங்கேதான் பிறந்தவள். இருந்தும் இந்தக் குளிர் அவளை ஒருநாளும் ஏற்றுக்கொள்ளவில்லை. கார்டெரிக்கு, அதுதான் இங்கத்தைய பாலர் பள்ளிக்கு, போகிற வயதிலேயே மார்கழி வந்தால் விரல்நுனி வெடிக்கும், ஹீட்டர் சூட்டுக்கு மூக்கால் இரத்தம் வரும். காலையில் அவளைப் பனிச்சட்டைக்குள் திணித்து, கையுறைக்குள் விரல்களை ஒவ்வொன்றாகத் தேடி விடுவது மனைவியின் வேலை. காரில் பனி சுரண்டுவது என் வேலை. எனக்குத் தந்தது சுகமான வேலை என்று அப்போது எனக்குத் தெரியாது. இவ்வளவு வளர்ந்த பிறகும், மகள் வேலைக்கு வெளிக்கிட்டால் கையுறை எங்கே என்று மனைவி கேட்காத குளிர்காலம் இல்லை.

மனைவி கையிலிருந்த காயைத் தன் நகத்தாலேயே பிளந்தாள். ஒரு விதையை வாயில் போட்டு மெல்ல மென்றாள். நாங்கள் எல்லாரும் அவளுடைய தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பொடியன் மட்டும் சிலுவை போட்டுக்கொண்டான்.

"பச்சை மணம்," என்றாள். இன்னும் கொஞ்சம் மென்றாள். "உப்புப் போட்டால் நல்லாயிருக்கும்."

எழும்பி அடுப்படிக்குப் போனாள். திரும்பி வரும்போது ஒரு கையில் உப்புப் போத்தல் இருந்தது. மற்றக் கையில் றோல்ஸ் தட்டு இருந்தது, துவாய் இல்லை. மகள் எழும்பி ஓடிப்போய்த் தாயைக் கட்டிப்பிடிக்க, தட்டு சரிந்தது. மச்சான்தான் பாய்ந்து பிடித்தார். பிடித்த கையோடு ஒன்றை எடுத்தும் கடித்துவிட்டார். அவருக்கும் காலையிலிருந்து பசிதான்.

அந்தக் காயைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். வயிற்றில் அது சும்மா இருக்காது. உப்பு வந்த உற்சாகத்தில் நான் அளவில்லாமல் சாப்பிட்டிருந்தேன். அடுத்த நாள் புவாண்ட்-கிளேரில் பெட்டி எண்ணும்போது என்னோடு நிற்கிறவர்கள் வழமையைவிடத் தள்ளித் தள்ளி நின்றார்கள். கேட்டவர்களுக்கு, மகளுக்குக் கலியாணம் சரிவந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். கைகொடுக்கக் கிட்ட வந்தவர்கள் கொடுத்துவிட்டு உடனே போய்விட்டார்கள்.

வந்த ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வருகிறபோது, ஊர் விசாரிப்பதில் மச்சானுக்குச் சமமான ஒரு அம்மா என் மனைவியை மறித்தார். மகளுக்குச் சரிவந்திருக்காமே, பொடியன் எந்த ஊர் என்று கேட்டார். நான் பழக்கத்தில் தண்ணீர்ப் போத்தலைத் தேடினேன்.

மனைவி இருமவில்லை. "இப்பிலிப்பில்முனை," என்றாள்.

அந்த அம்மா நெற்றியைச் சுருக்கி, தனக்குத் தெரிந்த முனைகளையெல்லாம் மனதுக்குள் ஒருதரம் சுற்றி வந்தார்.

"அது மன்னார்ப் பக்கமோ?"

"அங்கால," என்றாள் மனைவி, கையுறையை மாட்டிக்கொண்டே. "இன்னும் கொஞ்சம் அங்கால."